பாய்லரில் விரிசல் தேடிய கருவி பெண்களின் வயிற்றுக்கு வந்தது எப்படி? யார் இந்த இயன் டொனால்ட்?

தும்மினால் சிறுநீர் கசிகிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் அடியில் ஏதோ இறங்குவது மாதிரி இருக்கிறது. வெகுநேரம் நின்றால் அடிவயிறு கனக்கிறது. பிரசவம் ஆன பல பெண்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆனால் இதை டாக்டரிடம் வாய்திறந்து சொல்பவர்கள் குறைவு. சொன்னாலும், பிள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும் என்ற பதிலோடு வீடு திரும்புபவர்கள் நிறைய.

இன்றைக்கு இந்தத் தொந்தரவை ஸ்கேன் திரையிலேயே பார்க்க முடியும். எந்தத் தசை கிழிந்திருக்கிறது, எந்த உறுப்பு எவ்வளவு இறங்குகிறது என்று, வலி இல்லாமல், கத்தி இல்லாமல், சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். இடுப்புத்தள அல்ட்ராசவுண்ட் என்று இதற்குப் பெயர்.

இந்த வசதியின் வேரைத் தேடிப் போனால், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1955-ல் இரண்டு கார்களின் டிக்கியில் பெண்களின் வயிற்றிலிருந்து எடுத்த கட்டிகளை ஏற்றிக்கொண்டு பாய்லர் தொழிற்சாலைக்குப் போன ஒரு டாக்டரிடம் போய் நிற்போம். அவர் பெயர் இயன் டொனால்ட். மகளிர் மருத்துவத்துக்கு அல்ட்ராசவுண்டைக் கொண்டுவந்த முன்னோடி.

யார் இவர்? ஒரு பிரசவ டாக்டருக்கும் பாய்லர் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்ப்போம்.

டாக்டர் குடும்பம், பியானோ கலைஞரான அம்மா

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள லிஸ்கியர்ட் என்ற ஊரில் 1910 டிசம்பர் 27-ல் பிறந்தார் டொனால்ட். பூர்வீகம் ஸ்காட்லாந்து. அப்பா டாக்டர். அம்மா மேடைகளில் வாசித்த பியானோ கலைஞர். சிறுவயதில் ஸ்காட்லாந்தில் படித்தவர், பிறகு குடும்பம் தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்ததால் கேப்டவுனில் படிப்பைத் தொடர்ந்தார்.

1927-ல் வீட்டுக்குள் தொண்டை அடைப்பான் நோய் புகுந்தது. அம்மா இறந்துபோனார். அடுத்த சில மாதங்களிலேயே அப்பாவும் இதயக் கோளாறால் இறந்தார். டொனால்டுக்கு அப்போது 16 வயதுதான்.

இத்தனைக்கும் நடுவில் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது அறிவியல் இல்லை. மொழிகளும் இசையும் படித்துப் பட்டம் வாங்கினார். பிறகுதான் லண்டன் திரும்பி, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மருத்துவம் சேர்ந்தார். 1937-ல் டாக்டர் ஆனார். அதே ஆண்டு அலிக்ஸ் ரிச்சர்ட்ஸைத் திருமணம் செய்துகொண்டார். நான்கு மகள்கள் பிறந்தார்கள்.

போர் கற்றுக்கொடுத்த பாடம்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1942-ல் பிரிட்டன் விமானப் படையில் மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்தார். குண்டுகளோடு தீப்பிடித்து எரிந்த விமானத்துக்குள் புகுந்து வீரர்களை வெளியே இழுத்துவந்ததற்காக அவருக்கு அரசு விருது கிடைத்தது.

விருதைவிட முக்கியமான ஒன்றும் அங்கேதான் கிடைத்தது. ரேடார், சோனார் ஆகிய இரண்டு தொழில்நுட்பங்களோடு அவருக்கு அறிமுகம் ஏற்பட்டது. ரேடார் ரேடியோ அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து விமானம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். சோனார் அதே வேலையைக் கடலுக்குள் ஒலியை வைத்துச் செய்யும். நீர்மூழ்கிக் கப்பல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒலி போய் மோதித் திரும்பும் நேரத்தைக் கணக்குப் போட்டால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மலை உச்சியில் நின்று கத்தினால் எதிரொலி வருகிறது அல்லவா, அதே தத்துவம்தான்.

போர் முடிந்து லண்டன் திரும்பியவருக்குக் கருவிகள் மீதான ஆசை போகவில்லை. மூச்சுவிடத் திணறும் பச்சிளங்குழந்தைகளுக்காகச் சுவாசக் கருவிகளை உருவாக்கினார். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் கழற்றி மாட்டிப் பார்க்கும் சுபாவம். சக டாக்டர்கள் அவருக்குக் கிறுக்கு டொனால்ட் என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

கையும் எக்ஸ்ரேவும் மட்டுமே இருந்த காலம்

1954-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

அன்றைக்கு ஒரு பெண்ணின் அடிவயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள டாக்டருக்கு என்ன வழி இருந்தது? முதலில் கை. வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள். அடுத்தது எக்ஸ்ரே. எலும்பை அது தெளிவாகக் காட்டும், ஆனால் சதையையும் நீர்க்கட்டியையும் பிரித்துக் காட்டாது. கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுப்பதே ஆபத்து என்ற எச்சரிக்கையும் அதே காலத்தில் வந்தது. கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுக்கப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதாக ஆக்ஸ்ஃபோர்டின் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1956-ல் சுட்டிக்காட்டினார்.

கடைசி வழி, வயிற்றைத் திறந்து பார்ப்பது.

வயிறு பெருத்திருக்கிறது. உள்ளே இருப்பது நார்த்திசுக் கட்டியா, நீர்க்கட்டியா, புற்றுநோயா, கர்ப்பமா? அனுபவசாலி டாக்டரின் கைகூடத் தப்பாகச் சொல்லும். இந்த இடம்தான் டொனால்டை உறுத்தியது.

ஒலியை வைத்து உடம்புக்குள் பார்க்கலாம் என்பது அவருக்கு மட்டுமே தோன்றிய யோசனை அல்ல. அமெரிக்காவில் ஜான் வைல்ட் மார்பகக் கட்டிகளில் முயற்சி செய்துகொண்டிருந்தார். டக்ளஸ் ஹௌரி, குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கி மேடையைத் தண்ணீர்த் தொட்டியாக மாற்றி, அதற்குள் மனிதரை உட்காரவைத்துப் படம் எடுத்தார். வைல்ட் லண்டனில் பேசியதைக் கேட்ட டொனால்டுக்குப் பொறி தட்டியது.

கார் டிக்கியில் கட்டிகள்

கிளாஸ்கோ கப்பல் கட்டும் நகரம். அங்கே உலோகத் தகடுகளுக்குள் மறைந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க ஒலி அலைக் கருவிகளை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரான ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற பாய்லர் கம்பெனியிலும் அந்தக் கருவி இருந்தது. டொனால்டிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் கணவர் அந்தக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். அந்த அறிமுகம் கதவைத் திறந்தது.

1955 ஜூலை 21. அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளும் நீர்க்கட்டிகளும் இரண்டு கார்களில் தொழிற்சாலைக்குப் போயின. ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் தயாராக வைத்திருந்தார்கள்.

முடிவு? நீர்க்கட்டிக்குள் ஒலி தடையின்றிக் கடந்துபோய், அந்தப் பக்கச் சுவரில்தான் மோதித் திரும்பியது. திடமான கட்டியிலோ ஒலி வழியெங்கும் சிதறித் திரும்பியது. இரண்டுக்கும் வித்தியாசம் திரையில் தெரிந்தது. டாக்டரின் கைக்குப் பிடிபடாத வித்தியாசத்தை, இரும்பில் விரிசல் தேடும் கருவி பிடித்துவிட்டது.

23 வயது இன்ஜினியர் போட்ட போன்

பழைய கருவி ஒன்றைக் கொண்டுவந்து நோயாளிகளிடம் முயற்சி செய்தார் டொனால்ட். ஒலி உடம்புக்குள் நுழைய நடுவில் காற்று இருக்கக் கூடாது என்பதால், வயிற்றின் மேல் தண்ணீர்ப் பாத்திரம் வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் கொட்டிப் படுக்கை நனைந்ததுதான் மிச்சம்.

இதைக் கேள்விப்பட்டார் டாம் பிரவுன் என்ற இளைஞர். கெல்வின் ஹியூஸ் என்ற கருவி கம்பெனியின் இன்ஜினியர். வயது 23. டெலிபோன் டைரக்டரியில் பேராசிரியரின் நம்பரைத் தேடி எடுத்து, தானாகவே போன் போட்டார். நேரில் வந்து பார்த்தவருக்கு, இந்தக் கருவி இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று உடனே புரிந்தது. நல்ல கருவி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் பெரிய மாற்றம். தண்ணீர்த் தொட்டியே வேண்டாம் என்று, தோலில் ஆலிவ் எண்ணெயைத் தடவி, கருவியின் முனையை நேரடியாக வயிற்றின் மேல் நகர்த்தும் முறையை உருவாக்கினார். மருத்துவமனைப் படுக்கை மேசை ஒன்றையும், குழந்தைகள் விளையாடும் மெக்கானோ பாகங்களையும் சேர்த்துக் கட்டிய கருவி அது. இன்றைக்கு ஸ்கேன் சென்டரில் வயிற்றில் ஜெல்லைத் தடவியதும் சில்லென்று இருக்கிறதே, அதன் தொடக்கம் அந்த ஆலிவ் எண்ணெய்தான்.

டொனால்ட், பிரவுன், இளம் டாக்டர் ஜான் மக்விக்கர் என மூன்று பேர் கொண்ட அணி உருவானது.

கைவிடப்பட்ட ஒரு பெண்

ஆனாலும் மற்ற டாக்டர்கள் நம்பவில்லை. வெறும் கோடும் புள்ளியுமாக இருந்த திரையைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. அந்தச் சிரிப்பை நிறுத்தியது ஒரு நோயாளியின் கதை.

வயிறு மிகவும் பெருத்து, உடம்பு மெலிந்த நிலையில் ஒரு பெண் மருத்துவமனையில் இருந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்த அறுவை சிகிச்சை டாக்டர்கள், வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவு செய்திருந்தார்கள். வயிற்றில் இருப்பது புற்றுநோயால் சேர்ந்த நீர் என்பது அவர்கள் கணிப்பு.

டொனால்டின் கருவி வேறு மாதிரி சொன்னது. வயிறு முழுக்கப் பரவிய நீர் இல்லை இது. தெளிவான சுவரோடு கூடிய பிரம்மாண்டமான ஒற்றைப் பை. அதாவது, சினைப்பையில் வளர்ந்த நீர்க்கட்டி. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் உடம்பு மாறவில்லை. நோய் மாறவில்லை. பார்த்த விதம்தான் மாறியது. அதனால் சாவுக்காகக் காத்திருந்தவர் வீடு திரும்பினார்.

இந்த அனுபவங்களையும் படங்களையும் சேர்த்து 1958 ஜூன் 7-ல் லான்செட் மருத்துவ இதழில் மூவரும் கட்டுரை வெளியிட்டார்கள். மகளிர் மருத்துவத்தின் திருப்புமுனைகளில் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

நிரம்பிய சிறுநீர்ப்பை என்ற ஜன்னல்

ஸ்கேனுக்குப் போனால் முதலில் என்ன சொல்வாங்க? தண்ணி நிறைய குடிங்க, யூரின் போகாம அடக்கி வைங்க. இதற்கும் காரணம் டொனால்ட் அணிதான்.

குடலில் காற்று இருக்கும். காற்று ஒலியைத் திருப்பி அடித்துவிடும். அதனால் குடலுக்குப் பின்னால் இருக்கும் கர்ப்பப்பை சரியாகத் தெரியாது. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால், அது குடலை மேலே தள்ளிவிடும். நீர் வழியாக ஒலி அழகாகக் கடந்துபோகும். தற்செயலாகக் கவனித்த இந்த விஷயத்தை 1960-களின் தொடக்கத்தில் ஒரு முறையாகவே ஆக்கினார் டொனால்ட். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களிலேயே கருவைப் பார்க்கும் வழி இப்படித்தான் திறந்தது. இடுப்புக்குழிக்குள் இருக்கும் உறுப்புகளைப் பார்க்கக் கிடைத்த முதல் ஜன்னல் என்றும் இதைச் சொல்லலாம்.

இடுப்புத்தளம் என்றால் என்ன?

இப்போது தொடக்கத்தில் சொன்ன பிரச்சினைக்கு வருவோம்.

முன்பக்க இடுப்பு எலும்பிலிருந்து பின்பக்க வால் எலும்பு வரை தூளி மாதிரி கட்டப்பட்டிருக்கும் தசைகள்தான் இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கிப் பிடிப்பது இந்தத் தூளிதான். சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வரும்போது, இந்தத் தசையின் ஒரு பகுதி மும்மடங்குக்கும் மேல் நீள வேண்டியிருக்கும் என்று கணினி மாதிரிகள் காட்டியுள்ளன.

பெரும்பாலும் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சிலருக்கு எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்திலேயே பிய்ந்துவிடும். சுகப்பிரசவம் ஆன பெண்களில் சுமார் 10 முதல் 30 சதவீதம் பேருக்கு இப்படி ஆவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவத்தில் வாய்ப்பு அதிகம். வெளியே காயம் தெரியாது. தையல் போடும் டாக்டரின் கண்ணுக்கும் பெரும்பாலும் தெரியாது. பல வருடம் கழித்து, கர்ப்பப்பை இறங்கிடுச்சு என்று வந்து நிற்கும்போதுதான் கதை வெளியே வரும்.

கையால் சோதித்துப் பார்த்தாலும் எல்லா நேரமும் பிடிபடாது. டொனால்ட் காலத்துப் பிரச்சினை, அப்படியே இங்கேயும்.

இந்த ஸ்கேனில் என்ன செய்வார்கள்?

1980-களில் இருந்து டாக்டர்கள் அல்ட்ராசவுண்ட் கருவியை வயிற்றுக்குப் பதிலாகப் பிறப்புறுப்பின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். வயிற்று ஸ்கேனுக்குப் பயன்படும் அதே வகைக் கருவிதான். உறை மாட்டி, ஜெல் தடவி வெளியே மட்டும் வைப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை, டொனால்ட் நிரப்பி வைக்கச் சொன்ன சிறுநீர்ப்பையை, இந்த ஸ்கேனுக்கு முன்பு காலி செய்துவிட்டு வரச் சொல்வார்கள். கீழிருந்து பார்ப்பதால் அந்த ஜன்னல் தேவையில்லை. நிரம்பியிருந்தால் உறுப்புகள் முழுதாக இறங்காது, அளவு தப்பாகிவிடும்.

பிறகு மூச்சைப் பிடித்து முக்கச் சொல்வாங்க. அப்போது சிறுநீர்ப்பையின் கழுத்து எவ்வளவு இறங்குகிறது, கர்ப்பப்பையோ மலக்குடலோ கீழே சரிகிறதா என்று திரையில் நேரடியாகத் தெரியும். அடுத்து, சிறுநீரை அடக்குவது போலத் தசையை இறுக்கச் சொல்வாங்க. தசை வேலை செய்கிறதா, பிய்ந்திருக்கிறதா என்று 3டி படத்தில் பார்க்கலாம். சிறுநீர் கழித்த பிறகும் உள்ளே மிச்சம் நிற்கிறதா, ஆசனவாயைச் சுற்றிய தசை கிழிந்திருக்கிறதா, முன்பு பொருத்திய வலை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்றும் தெரியும். கதிர்வீச்சு கிடையாது. எம்ஆர்ஐ-யைவிடச் செலவும் குறைவு.

தெரிந்து என்ன பயன்?

சிறுநீர்க் கசிவுக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் பயிற்சிதான். கீகல் பயிற்சி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கீகல் 1948-ல் அதைப் பற்றி எழுதினார். ஆனால் எந்தத் தசையை இறுக்க வேண்டும் என்று தெரியாமல் வயிற்றையும் தொடையையும் இறுக்கிக்கொண்டு, பலன் இல்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. திரையில் தன் தசை அசைவதைத் தானே பார்த்தால், சரியாகச் செய்கிறோமா என்று அந்தப் பெண்ணுக்கே புரிந்துவிடும்.

தசை எலும்பிலிருந்து பிய்ந்தவர்களுக்கு, இறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்த பிறகும் மறுபடி இறங்கும் வாய்ப்பு கூடுதல். இதை முன்பே தெரிந்துகொண்டால் எந்த சிகிச்சை என்பதை டாக்டரும் நோயாளியும் யோசித்து முடிவெடுக்கலாம். எல்லோருக்கும் இந்த ஸ்கேன் தேவை என்று அர்த்தம் இல்லை. டாக்டரின் நேரடிப் பரிசோதனைக்கு இது மாற்றும் இல்லை. அந்தப் பரிசோதனைக்குக் கிடைத்த இன்னொரு கண்.

கருவியின் இன்னொரு முகம்

இதே கருவியை நம்ம நாட்டில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதையும் மறைக்க முடியாது. வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்தால் கருவை அழிக்கும் கொடுமைக்கு ஸ்கேன் துணைபோனது. அதைத் தடுக்கத்தான் 1994-ல் சட்டம் கொண்டுவரப்பட்டது. பாலினத்தைச் சொல்வது குற்றம் என்ற அறிவிப்புப் பலகை ஸ்கேன் சென்டர்களில் தொங்குவது அதனால்தான். டொனால்டோ, பிரிட்டனில் 1967-ல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தையே எதிர்த்தவர். தன் எதிர்ப்புக்கு ஸ்கேன் படங்களையே சாட்சியாகக் காட்டினார். பெண்ணின் உயிரைக் காக்க வந்த கருவி, பெண் பிறக்கவே கூடாது என்பதற்கும் பயன்பட்டது வரலாற்றின் கசப்பான பக்கம்.

கடைசி நாட்கள்

டொனால்டுக்கு வெகுகாலமாக இதய வால்வு நோய் இருந்தது. பலமுறை அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டராக இருந்தவர் நோயாளியாகப் படுத்த அனுபவத்தை மருத்துவ இதழில் கட்டுரையாகவே எழுதினார். இந்த உடம்போடுதான் கிளாஸ்கோவில் 1964-ல் திறக்கப்பட்ட குயின் மதர்ஸ் மகப்பேறு மருத்துவமனையின் உருவாக்கத்துக்கு உழைத்தார். 1976-ல் ஓய்வு பெற்றார். 1987 ஜூன் 19-ல், இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள பேகிள்ஷம் கிராமத்தில், 76 வயதில் காலமானார்.

புற்றுநோய் என்று எல்லோரும் எழுதிவைத்த பெண்ணிடம், எதற்கும் இன்னொரு முறை பார்ப்போம் என்று கருவியை வைத்தவர் டொனால்ட். தும்மினால் கசிகிறது, அடி இறங்குகிறது என்று ஒரு பெண் சொல்லும்போதும் தேவைப்படுவது அந்த இன்னொரு பார்வைதான். அம்மாவோ, அக்காவோ, மனைவியோ இப்படிச் சொன்னால் வயசாயிடுச்சு என்று தள்ளிவிடாமல், மகளிர் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்பதற்காக ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டிய நோய் இல்லை இது.